தொலையாத நாற்பத்தொரு புத்தகங்கள்

மைதாப் பசையின் புளிப்பு வாடையும் பாச்சை உருண்டையின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும், அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தை அந்தப் பசையால் ஒட்டி, அதன்மேல் கறுப்பு மையால் ஓர் எண்ணைக் கைப்பட எழுதியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் மை லேசாக மேடு தட்டியிருப்பது தெரியும். பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான்பூச்சிகள் காகிதத்தின் ஓரங்களைக் கொறித்து வைத்திருக்கும். அந்த எண்ணுக்கு அலுவலகத்தில் ஏதோ மரியாதையான பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு "முதுகு நம்பர்" என்று பெயர். அந்த முதுகு நம்பரைப் படிக்கத் தெரிந்துவைத்திருந்த குற்றத்துக்காகத்தான், ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், என்னைத் திருடி என்றார்கள்.

எந்த நூலகம் என்று சொல்ல மாட்டேன். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால், "ஓ, அந்தப் பொண்ணா நீங்க?" என்று கேட்க இன்னமும் அங்கே இரண்டு பேராவது இருப்பார்கள். நடந்தது 2004-இல். இத்தனை வருடம் கழித்து இதைக் கிளற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறேன்: கிளறியது நானில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அஸ்தினாபுரத்தில், புகைந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கோடை வந்து போர்க் கிணறுகளில் தண்ணீர் கீழே போனதும் எங்கள் வட்டாரத்து மோட்டார்கள் வரிசையாகப் புகையும். புகைந்ததெல்லாம் கடை வாசலுக்கு வந்து சேரும். அத்தா எட்டாவது வரைதான் படித்தவர். கைவேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் புது மாதிரி மோட்டார் ஒன்று வந்து, அதற்குள் எத்தனை சுற்று, என்ன கனத்தில் கம்பி என்று பிடிபடாத நாளில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பதினொரு வயதில் நூலக உறுப்பினர் கார்டு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கார்டுகள் மூன்று, இரண்டில் நான் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதில் அவருக்கு மோட்டார் பற்றி ஏதாவது தேடிக் கொண்டுவர வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த உடன்பாடு.

முதல் நாள் நூலகரிடம் போய், "மோட்டார் புக்கு இருக்கா சார்?" என்று கேட்டேன். அவர் வாரப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க பாரு" என்று கையை ஆட்டினார். அந்தக் கை நூலகம் முழுவதையும் காட்டியது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. கதைப் புத்தகங்கள் எந்த ரேக்கில் என்று தெரியும், பத்திரிகை எந்தக் கிழமை வரும் என்று தெரியும், அதற்குமேல் அங்கே என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

மாடிப்படி முடியும் இடத்தில், செருப்பு விடும் மூலையில், ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தது. நூறு என்றால் தத்துவம், முந்நூறு என்றால் சமூகம், ஐந்நூறு அறிவியல், அறுநூறு தொழில், எண்ணூறு இலக்கியம் என்று பத்து வரிகள். பாதி எழுத்து உதிர்ந்துபோன அந்தப் பலகையை, ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது முழுவதும் படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் அறுநூறைத் தேடினேன். அறுநூறில் அறுநூற்று இருபத்தொன்று, அதில் 621.46. அடேயப்பா, அத்தனையும் மோட்டார்! முதுகு நம்பரின் சூட்சுமம் எனக்கு விளங்கிய நிமிடம் அது. 621 என்பது இயந்திரமும் மின்சாரமும் சேர்ந்து குடியிருக்கும் பெரிய வீடு. புள்ளி வைத்து அதன் பின்னால் போடும் எண்தான் எந்த அறை என்று சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் எண் எவ்வளவு நீண்டாலும் புத்தகம் அந்த வீட்டை விட்டு வெளியே போகாது, 621.46 என்பது 621-க்கு அப்புறம், 622-க்கு முன்னால்தான் நிற்கும். இவ்வளவுதான். ஏழாம் வகுப்புக் கணக்கு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எண்கள் நடமாட ஆரம்பித்தன. 641.5 சமையல் என்று கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து அம்மா, "ஆறு நாலு ஒண்ணு புள்ளி அஞ்சு ரெடி, எல்லாரும் வந்து கொட்டிக்கோங்க" என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவார். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது 616.12-ஐத் தேடி எடுத்துப் போனேன். சூரியனுக்கு 523.7, ரேடியோவுக்கு 621.384, பாம்பு பல்லிக்கு 597.9. மூன்று வருடத்தில் அந்த ரேக்குகளில் நான் தொடாத புத்தகம் குறைவு. நான் தொட்டதில் அத்தாவின் கையும் பட்டது ஒன்று உண்டு: மோட்டார் காயில் கட்டுவது பற்றிய பச்சை அட்டைப் புத்தகம். கம்பிக் கனத்தின் அட்டவணை இருந்த பக்கத்தில், வார்னிஷ் படிந்த கட்டைவிரலை அத்தா அப்படியே பதித்துவிட்டார். "அல்லாவே, கெவருமெண்டு புக்காச்சே!" என்று பதறிப்போய் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார், போகவில்லை. நூலகரிடம் காட்டித் திட்டு வாங்கிக்கொண்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: கறையைக்கூட நானே கொண்டுபோய்க் காட்டிய பிள்ளை நான்.

அந்தக் கோடையில் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். புத்தகங்களையெல்லாம் இறக்கித் தரையில் குவித்துத் தார்ப்பாயால் மூடினார்கள். அடித்து முடித்ததும் திரும்ப அடுக்கியது நூலகர் இல்லை. அந்தத் தெருவுக்குக் கேன் தண்ணீர் போடும் தேவா அண்ணன். கையில் வலு இருக்கிறது, காலையில் கேன் போட்டுவிட்டு மதியம் சும்மாதான் இருக்கிறான் என்று நூலகர் அவரைப் பிடித்துக்கொண்டார். எண் வரிசையில் வைக்கச் சொல்லிவிட்டு இவர் வீட்டுக்குப் போய்விட்டார். தேவா அண்ணன் இரண்டே நாளில் முடித்தார். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, புத்தக இருப்பைச் சரிபார்க்கப் பட்டியலோடு வந்து, பட்டியலில் உள்ள எண்ணை அந்தந்த எண்ணுக்குரிய இடத்தில் தேடி, இருந்தால் சரி, இல்லையென்றால் "இல்லை" என்று எழுதி, மாலை காப்பி வருவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டார். நாற்பத்தொரு புத்தகங்கள் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நூலகம் திறந்த அன்று ஓட்டமும் நடையுமாகப் போனவளை நூலகர் மேசைக்கு முன்னாலேயே நிறுத்தினார்.

"மூணு கார்டும் எடு."

எடுத்துக் கொடுத்தேன். இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"அந்த ரேக்குப் பக்கம் போறது நீ ஒருத்திதான். காணாம போன நாப்பத்தொண்ணுல பதினேழு, கடைசியா நீதான் எடுத்திருக்க. நோட்டுல இருக்கு. எங்க வெச்சிருக்க?"

"திருப்பிக் குடுத்துட்டேன் சார். குடுத்தாத்தானே கார்டத் திருப்பித் தருவீங்க? மூணு கார்டும் என்கிட்டதானே இருந்துச்சு?"

புத்தகம் எடுக்கும்போது கார்டைக் கொடுத்துவிட வேண்டும், திருப்பும்போது கார்டு திரும்பி வரும். அதுதான் அந்த நூலகத்தின் முறை. மூன்று கார்டும் என் கையில் இருக்கிறது என்றால் என்னிடம் ஒரு புத்தகமும் இல்லை என்றுதான் அர்த்தம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "திருப்பிக் குடுத்துட்டு, நைசா மறுபடி தூக்கிட்டுப் போயிருப்ப. எந்த நம்பர் எங்க இருக்கும்னு தெரிஞ்சவதான எடுக்க முடியும்?" என்றார். தெரிந்துவைத்திருப்பதே குற்றத்துக்கு அத்தாட்சி! தெரியாமல் இருந்திருந்தால் அவரைப் போல நானும் யோக்கியமாக இருந்திருப்பேன்.

செய்தித்தாள் மேசையில் நான்கு பென்ஷன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடமாக என்னைப் பார்ப்பவர்கள். அதில் ஒருவர் பேப்பரை மடிக்காமலே, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களே திருட்டுப் பொண்ணுங்க சார்" என்றார். மற்ற மூவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமைக்குள் புத்தகங்கள் வராவிட்டால் பள்ளித் தலைமையாசிரியைக்குக் கடிதம் போகும் என்று சொல்லி நூலகர் என்னை அனுப்பிவிட்டார். உறுப்பினர் விண்ணப்பத்தில் எனக்காகக் கையெழுத்துப் போட்டது தலைமையாசிரியைதான்.

படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா என் பக்கம் கத்தினார். அத்தா மட்டும் கத்தவில்லை, "நமக்கு எதுக்கும்மா வம்பு? ஒரு சாரி சொல்லிட்டு வந்துடலாம். ஏரியாவுல பேரு கெட்டா கடைக்கு எவன் வருவான்? விட்டுடும்மா" என்றார். செய்யாத தப்புக்கு எதற்கு சாரி என்று கேட்டேன். "சாரி சொன்னா வாய் இன்னா தேஞ்சா போவும்?" என்றார். தேயும் அத்தா, தேயும் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அத்தாவுக்கு ஜும்மா. அதனால் சனிக்கிழமை காலை கடையை அரை நாள் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை ரேக்குகள் பக்கம் போகக்கூடாது என்று நூலகர் தடுத்தார். செய்தித்தாள் மேசைக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் அங்கே இருந்த குட்டை பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தா மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வட்டாரத்து மோட்டார்களையெல்லாம் உயிர்ப்பித்த மனிதர், சார் சார் என்று நின்றார். "சின்னப் புள்ள சார். தெரியாம இன்னா பண்ணியிருந்தாலும் நான் சாரி கேட்டுக்கறேன் சார். ஸ்கூலுக்கு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். நூலகர், "அதெல்லாம் முந்தாநேத்தே எழுதிப் போட்டாச்சுங்க பாய்" என்றார்.

பார்க்கச் சகிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். தலை குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது. பெஞ்சுக்குப் பக்கத்தில் கதைப் புத்தக ரேக்குகளில் முதலாவது. அதன் அடித்தட்டை மறைத்துப் பழைய பேப்பர்க் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். இரண்டு கட்டுகளுக்கு நடுவிலிருந்த சந்தில் சிவப்பாக, தடிமனாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முதுகு. அம்மாவுக்காக நான்கு தடவை எடுத்த சமையல் புத்தகம்.

பேப்பர்க் கட்டை நகர்த்தினேன். 523.7 நின்றது. அதற்கு அடுத்து 597.9, அடுத்து 641.5. தள்ளி 616.12, அதற்குப் பக்கத்தில் பச்சை அட்டையோடு 621.46, அதையும் தாண்டி 621.384. அதற்குப் பிறகு 894.8113 என்று தமிழ்க் கதைகள் தொடங்கி ரேக் ரேக்காகப் போயின. ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது. பிறகு புரிந்தது. தேவா அண்ணன் புள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. 641.5 அவருக்கு ஆறாயிரத்து நானூற்றுப் பதினைந்து, 621.384 ஆறு லட்சத்துச் சொச்சம். மூன்று இலக்க எண்கள் எல்லாம் முடிந்த பிறகு நான்கு இலக்கம், அப்புறம் ஐந்து, அப்புறம் ஆறு என்று சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வரிசையாக அடுக்கிவிட்டார். கதைகள் எப்படியும் கடைசியில்தான் நிற்கும், அதனால் அவை மட்டும் அதிகாரியின் கண்ணுக்கு அகப்பட்டிருக்கின்றன. கதைப் புத்தகம் ஒன்றுகூட ஏன் தொலையவில்லை என்று ஒருவராவது யோசித்தார்களா?

ஒவ்வொன்றாக உருவி, பென்ஷன்காரர்கள் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள்களின் மேலேயே போட்டேன். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே போட்டேன். "ஏய், பேப்பர் கிழியுது" என்றார், என்னைத் திருட்டுப் பொண்ணு என்ற அதே ஆள். ஒரு தடித்த புத்தகத்தை அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேலேயே வைத்தேன். நூலகர் "தொடாத, தொடாத" என்று ஓடிவந்தார். அத்தா, "வேணாம்மா" என்று என் தோளைப் பிடித்தார். நாற்பத்தொன்று என்று சொல்லி நிறுத்தினேன்.

அந்த நேரத்துக்குத் தோளில் கேனோடு தேவா அண்ணன் மேலே வந்தார். கேனை இறக்கிவிட்டு, நூலகர் முறைப்பதைப் பார்த்து, "இன்னா சார்? நான் கரீட்டாதான் அடுக்கிகினு வந்தேன். சின்ன நம்பரு முன்னாடி, பெரிய நம்பரு பின்னாடி. இன்னா தப்பு?" என்றார்.

"அண்ணா, நடுவுல புள்ளி இருக்கே?"

"புள்ளி கீது. அதுக்கு இன்னா?"

"நாலு புள்ளி மூணு ஓவர் போட்டான்னா, நாப்பத்து மூணு ஓவர் போட்டான்னா அர்த்தம்?"

அவர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "ஐயோ, சாரி தங்கச்சி! என்னாலதான் இம்மாம் பேஜாரா? சார், பாப்பா மேல ஒண்ணும் இல்ல சார், என் மேலதான்" என்று நூலகரிடம் திரும்பிச் சொன்னார். அந்த இடத்தில் இருந்தவர்களில் சாரி கேட்டது அவர் ஒருவர்தான். அவருக்கு அந்த வேலையைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவசியம் இருந்தவர் என்ன சொன்னார்? "சரி சரி, கெடச்சிடுச்சுல்ல. அதது எடத்துல அடுக்கிட்டுப் போ" என்றார்.

அடுக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீதே கோபம் வருகிறது. நாற்பத்தொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து, "சார், பட்டியலைத் திருத்திடுங்க. ஸ்கூலுக்கும் இன்னொரு லெட்டர் எழுதுங்க" என்றேன். பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, இப்போது திருத்தினால் ஏன் முதலில் தப்பாகப் போனது என்று தனக்கு மெமோ வரும் என்றார் நூலகர், ஏதோ நான்தான் அவருக்குத் தொல்லை கொடுக்கிறேன் என்பது மாதிரி. ஸ்கூலுக்கு எழுதுவதைப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று பதினான்கு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். "கெடச்சிடுச்சுல்லம்மா. விட்டுடு." அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்ட அந்த மன்னிப்பை மட்டும் யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. புத்தகம் கிடைத்ததும் கார்டு திரும்பி வர வேண்டும் என்பதுதானே அந்த நூலகத்தின் முறை?

ஜூனில் பள்ளி திறந்தபோது கடிதம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நடந்ததைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா அவங்க எழுதித் தரட்டும்" என்றார். இரண்டாவது கடிதம் வரவே இல்லை. பத்தாம் வகுப்பு முழுவதும் யாருடைய பேனா காணாமல் போனாலும் நாலு பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நூலகத்துக்கு நான் மறுபடி போகவில்லை. கார்டுகளை வாங்கிக்கொள்ளவும் போகவில்லை.

இப்போது பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். புள்ளியை விட்டுவிட்டு விடை எழுதும் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடுகிறேன் என்று என்மீது புகார் உண்டு. அத்தா அஸ்தினாபுரத்திலேயே தம்பியோடு இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அந்த நூலகம் இரண்டு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்துக்குப் போயிருப்பதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உள்ளே பாச்சை உருண்டை வாடை இல்லை. தகரப் பலகை இல்லை, குட்டை பெஞ்சு இல்லை. புதுப் புத்தகங்களின் முதுகில் கையெழுத்து எண் இல்லை, கோடு கோடாக அச்சடித்த ஒட்டு மட்டும். அவற்றை வந்த வரிசையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேசையில் இருந்த இளம்பெண்ணிடம், பழைய பழக்கத்தில், அத்தாவின் பச்சை அட்டைப் புத்தகத்தின் எண்ணைச் சொன்னேன். "நம்பர் எதுக்கு அக்கா? பேரு சொல்லுங்க, சிஸ்டம் சொல்லும்" என்றாள். பேரைச் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு, "அது தொலைஞ்சுபோச்சு அக்கா. 2004-லயே லாஸ்ட்னு இருக்கு" என்றாள்.

பழைய பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் போனேன். பழைய புத்தகங்களை மட்டும் இரண்டு ரேக்கில் ஒதுக்கியிருந்தார்கள். அவற்றின் முதுகில் கரப்பான் கொறித்த காகிதம் இன்னும் இருந்தது. 621, 621.38, 621.384, அடுத்து 621.46. பச்சை அட்டை. நான் வைத்த வரிசையில், நான் வைத்த மாதிரியே. கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

அவள் புத்தகத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இருக்குதுதான் அக்கா. ஆனா சிஸ்டம்ல லாஸ்ட்னு இருக்கே, இஷ்யூ பண்ண முடியாது" என்றாள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைத் திருப்பினேன். கடைசி முத்திரை, அந்தக் கோடைக்கு முன்னால் நான் எடுத்த தேதி. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். தொலைந்ததாக எழுதிய புத்தகத்தை அந்த நூலகரும் யாருக்கும் பதிந்து கொடுத்திருக்க மாட்டார். இத்தனை வருடமாக, கண்ணெதிரே ரேக்கில் நின்றுகொண்டிருந்த புத்தகத்தை ஒருவராலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. எத்தனை பேர் வந்து கேட்டு, தொலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்களோ! சொல்லுங்கள், யார் திருடியது? அட்டவணைப் பக்கத்தை விரித்தேன். வார்னிஷ் ரேகை கறுத்துப்போய், ஆனால் கோடு கோடாகத் தெளிவாக இருந்தது.

அத்தாவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, எதிர்பார்த்தபடியே, "இன்னுமாம்மா அத நெனச்சிகினு இருக்க? விட்டுடு" என்றார்.

"அத்தா, அன்னிக்கு நீங்க கையக் கட்டிக்கினு ஒரு சாரி சொன்னீங்க. அதத் திருப்பி வாங்காம இங்கேர்ந்து நான் கெளம்ப மாட்டேன்."

அத்தா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு மட்டும் இன்னாத்துக்கு?" என்றார். "நாப்பத்தொண்ணும் கீதா பாரு."

தொலைந்தவை பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு, பழைய ரேக்கின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, 523.7-லிருந்து எடுக்கத் தொடங்கினேன்.